ஒயரை மாட்டி ஒரு படம்

நேற்றுச் சாயங்காலம் பார்த்தபோது முள் பூஜ்யத்தின்மேல் படுத்திருந்தது. இன்று காலை அதே படத்தில், அது பூஜ்யத்தை விட்டு வலப்பக்கம் மயிரிழை தள்ளி நின்றது.

இளவரசி கைபேசியின் திரையை ஸ்வெட்டர் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தூசி இல்லை. கண்ணாடியில் கீறலும் இல்லை. மூடி திறந்த ஒரு மரப்பெட்டி, உள்ளே கறுப்புப் பலகை, பலகையின் நடுவில் கண்ணாடி போட்ட வட்ட மீட்டர், அதற்குக் கீழே பெரிய திருகு ஒன்று, பெட்டியிலிருந்து வெளியே போகும் இரண்டு ஒயர்கள். நேற்று பார்த்த அதே படம்தான். படம் என்றால் எடுத்த கணத்தோடு நின்றுபோவது, அதில் முள் எப்படி நகரும், நேற்று நாம்தான் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சரியாகப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதனால் அந்தச் சமாதானம் மனசில் ஒட்டவில்லை.

டெல்லி கரோல் பாக்கில் துணிக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில், இரண்டாம் மாடியில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் கடை. வெளியே பலகை கிடையாது. பழைய வால்வு ரேடியோக்கள், ரயில்வேயில் கழித்துப்போட்ட தொலைபேசிகள், கல்லூரி ஆய்வகங்கள் வெளியே தள்ளிய மீட்டர்கள், எதற்கென்றே தெரியாத பித்தளைச் சாமான்கள் எல்லாம் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கும். துருவும் பழைய மெழுகும் எலிப்புழுக்கையும் சேர்ந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். படப்பிடிப்புக்காரர்கள் வந்து வாடகைக்கு எடுப்பார்கள், ஹோட்டல் அலங்காரம் செய்கிறவர்கள் விலைக்கு வாங்குவார்கள். டெல்லியில் எந்தக் காயலான் கடைக்காரன் கையில் புரியாத சாமான் சிக்கினாலும் படம் எடுத்து இந்தக் கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்புவான். அது என்ன, எதற்குப் பயன்பட்டது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொல்வது இளவரசியின் வேலை.

அதற்கென்று ஒரு முறை உண்டு. முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பெயர்த்தகடு இருந்தால் அதற்கு ஒன்று. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைக்கச் சொல்வாள். கடைசியாக, கூட வந்த ஒயர், பட்டை, பிளக் எதுவானாலும் அதற்குரிய துளையில் மாட்டி ஒரு படம். மாட்டிப் பார்த்தால்தான் எது எதோடு சேர்ந்தது என்று புரியும். கேட்டுக் கேட்டு அது கையில் பழகிவிட்ட வரி. நேற்றும் மாயாபுரியில் இருக்கும் சத்பால் என்கிற இரும்புக் கடைக்காரன் இந்தப் பெட்டியை முதலில் அனுப்பியபோது, யோசிக்காமல் அந்த வரியைத்தான் தட்டினாள். 'ஒயரை மாட்டி ஒரு படம் அனுப்புங்க.'

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது படம் வந்தது. பெட்டியிலிருந்து சிவப்பு நூல் சுற்றிய இரண்டு ஒயர்கள் கிளம்பி, ஒரு தோல் பட்டையில் போய் முடிந்தன. தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை. அதன் உட்புறத்தில் இரண்டு பக்கமும் இரண்டு உலோக வில்லைகள். ஒரு வில்லையின் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம். இரண்டும் ஒரே அளவு.

அந்த அளவு அவளுக்கு மனப்பாடம். தங்கை முத்துமாரியின் நெற்றிப்பொட்டு இரண்டிலும் அதே அளவில், அதே வட்டத்தில் தழும்பு இருக்கிறது. தினமும் அவளுக்குத் தலைவாரும்போது விரல் படுகிற இடம்.

தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த அன்று புல்டோசருக்கு முன்னால் போய் நின்று கத்தியவள் முத்துமாரி. அன்று கத்தியவர்கள் நிறையப் பேர். மற்றவர்கள் அன்றோடு நிறுத்திக்கொண்டார்கள், இவள் நிறுத்தவில்லை. நகரத்தின் கடைக்கோடியில், நரேலாவில் ஒதுக்கிய வீட்டுக்குச் சாமான்களோடு வந்து இறங்கிய பிறகும் கத்தினாள். காற்று மட்டும் வந்த குழாயைப் பார்த்துக் கத்தினாள். பேருந்து வராத சாலையைப் பார்த்துக் கத்தினாள். "விடு, நடக்கிறது நடக்கட்டும்" என்று சொன்ன புருஷனைப் பார்த்துக் கத்தினாள். அது கோபம் என்று இளவரசிக்குத் தெரியும். புருஷன் வடிவேல் அதைப் பைத்தியம் என்றான். இளவரசி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், ஏர்போர்ட்டுக்கு ஓட்டுகிற தன் டாக்ஸியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போய், நஜஃப்கட் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் ஏதோ ஒரு சிகிச்சை இல்லத்தில் விட்டுவிட்டு வந்தான்.

திரும்பி வந்தவள் கத்தவில்லை. பேசவும் இல்லை. உட்கார் என்றால் உட்கார்ந்தாள். "காய்ச்சலுக்குப் பத்து போட்டாங்க, வெந்துடுச்சு" என்றான் வடிவேல், தழும்பைக் காட்டிக் கேட்டபோது. இளவரசி அவனோடு சண்டை போட்டுத் தங்கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மறுபடி ஒருவன் அவளை அங்கே கொண்டுபோக விடுவதில்லை என்பது ஒன்றுதான் அதன்பிறகு அவள் பிடித்துக்கொண்டிருந்த பிடி.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி அருள்ராஜ் மஃப்ளரை அவிழ்த்தபடி உள்ளே வந்தார். அவருடைய தாத்தா குமாஸ்தா வேலைக்காக டெல்லிக்கு வந்தவர். பேரனின் வாயில் தமிழ், இந்திக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டுதான் வரும்.

"வந்தாச்சா மகாராணி? நரேலாவுல இருந்து வர்றியா, நேபாள்ல இருந்து வர்றியா?"

"ஒரே பனிமூட்டம் சார். பஸ் நகரவே இல்ல."

"பனி எனக்கும்தான் இருக்கு. அச்சா, சத்பால் பொட்டி என்னன்னு பாத்தியா?"

"பாத்தேன். தலையில கரண்ட் வெக்கிற மெஷின்."

அருள்ராஜ் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். "வாஹ். பேய்ப் படம் எடுக்கறவன் ஒருத்தன் இதான் கேட்டுட்டு இருக்கான். ஜல்தி பேசி வாங்கு. பட்டை இல்லாம வேணாம்னு சொல்லிடு. வந்ததும் ஒரு பொண்ணை உக்கார வெச்சு தலையில மாட்டி ஃபோட்டோ போட்டா கையோட போயிரும். நீயே உக்காரேன். முடிய மட்டும் அவுத்து விட்டுக்கோ, மேக்கப் செலவு மிச்சம்."

அவளுக்குக் காதுக்குப் பின்னாலிருந்து சூடு ஏறியது. கையில் கைபேசி இருந்தது, திரையில் படம் இருந்தது. அருள்ராஜ் ஹீட்டரைப் போட்டார், அதன் கம்பி முறுக்கேறிச் சிவக்கும் கிறீச்சொலி கேட்டது, கருகிய தூசி வாடை வந்தது. அந்த வாடைக்கு நடுவே அவள் கண்ணெதிரே முள் எழுந்தது. துள்ளவில்லை. படுத்திருந்தவன் கையூன்றி எழுவதுபோல, அவசரமில்லாமல், பூஜ்யத்திலிருந்து கிளம்பி முதல் கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டைத் தாண்டி, நடுவில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது.

அவள் கைபேசியைக் கண்ணருகே கொண்டுவந்தாள்.

அப்போதுதான் அழைப்பு வந்தது. எதிர்வீட்டு அம்சவேணி. அவளும் கேம்ப்பிலிருந்து வந்தவள், பகலில் முத்துமாரியைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ஏ இளவரசி, எங்கடி இருக்க? உன் தங்கச்சிக்கு என்னமோ ஆவுதுடி. சும்மா உக்காந்து பட்டாணி உரிச்சிட்டு இருந்துச்சு. திடுக்குனு கை ரெண்டும் விறைச்சிக்கிச்சு. பல்லக் கடிச்சிக்கிட்டு ஒடம்பு இந்தாண்ட அந்தாண்ட ஆடுது. வலிப்புன்னா கண்ணு சொருவும்ல, இதுக்கு சொருவல. முழிச்சி என்னையே பாக்குது."

"இப்ப எப்படிக்கா இருக்கா?"

"உனக்கு ஃபோன் போட்டு நீ எடுத்ததும் நின்னுடுச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி பட்டாணி பொறுக்குது." அம்சவேணி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்லணும். உங்க மாப்ள ஃபோன் பண்ணாரு. சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறாராம். இன்னொரு ரவுண்டு வெக்கணும்னு அங்க சொல்லிட்டாங்களாம்."

"யாரைக் கேட்டு?" என்றாள் இளவரசி.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் மறுமுனையில் பாத்திரம் உருண்டது. குதிகால் தரையில் அடிக்கும் சத்தம், ஓயாமல், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல. "ஐயோ, மறுபடி, மறுபடி" என்று அம்சவேணி அலறினாள். இளவரசி கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அழைப்பை ஓரம் தள்ளிப் படத்தைத் திறந்தாள்.

முள் முக்கால்வாசி தூரம் போயிருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றியதுபோல வந்தது. பயம் உள்ளே வரவரக் கோபம் வெளியேறியது, அது வெளியேற வெளியேற முள் இறங்கியது. குதிகால் சத்தம் நின்றது.

காலையில் பேருந்தில் ஒருவன் வேண்டுமென்றே மேலே சாய்ந்ததும், அவனைத் திட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததும் ஞாபகம் வந்தது. மயிரிழை கோபம். நேற்று இரவு, பட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கையின் பக்கத்தில் படுத்தபோது, போர்வைக்குள் முத்துமாரியின் விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. குளிருக்கு என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

அவளே கேட்டு மாட்டச் சொன்ன ஒயர் அது.

சத்பாலுக்கு அழைத்தாள். எடுக்கிற வரைக்கும் பக்கத்திலிருந்த ரேடியோவின் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கண்ணாடியின் வளைவு, உள்ளே வெள்ளிப் பூச்சு, அடியில் ஊசிக்கால்கள். எதையும் நினைக்காமலிருக்க அது உதவியது. மறுமுனையில் இரும்பு அறுக்கும் இரைச்சலோடு சத்பாலின் குரல் வந்தது. இந்தியில் பேசினார்கள், அவள் அவனை அண்ணன் என்கிற பையா போட்டும், அவன் அவளை அக்கா என்கிற தீதி போட்டும்.

"அந்த ஒயரை உடனே கழட்டிடுங்க பையா."

"எந்த ஒயர் தீதி?"

"பெட்டியில மாட்டியிருக்கீங்களே. சிவப்பு ஒயர், தோல் பட்டை."

"அதுக்கு ஒயரே கிடையாதே. வெறும் பொட்டிதான் வந்துச்சு. நீங்க மாட்டி அனுப்புங்கன்னு போட்டிருந்தீங்க, இல்லாததை எங்க மாட்டறதுன்னு விட்டுட்டேன்."

"ரெண்டாவது படம் அனுப்பினீங்களே."

"நான் ஒண்ணுதான் அனுப்பினேன்."

"பெட்டி எங்க இருந்து வந்துச்சு?"

"நஜஃப்கட் தாண்டி ஒரு இல்லம். புதுசு வாங்கிட்டாங்களாம், பழசைத் தூக்கிப் போட்டாங்க."

"அதை உடைச்சிடுங்க பையா. தூள் தூளா."

சத்பால் சிரித்தான். "உடைச்சாச்சு தீதி. நீங்க பதில் சொல்லல, காலையிலயே செம்பை உருவிட்டேன். மரத்தைக் கொளுத்திப் பசங்க குளிர் காஞ்சாங்க. நல்லா எரிஞ்சுது."

அவன் வைத்துவிட்டான். இளவரசி படத்தைப் பெரிதாக்கினாள். மாயாபுரிக் கடையின் தரை எண்ணெய் ஊறிய கறுப்பு மண். இந்தப் படத்தில் பெட்டிக்குப் பின்னால் தெரிந்தது கழுவிவிட்ட வெள்ளை ஓட்டுத் தரை. ஓரத்தில் ஓர் இரும்புக் கட்டிலின் கால், கட்டிலிலிருந்து தொங்கும் ஒரு துணி முடிச்சு. எரிந்து சாம்பலாகிவிட்ட பெட்டியின் மீட்டரில், முள் மெல்ல மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள். படம் போய்விட்டால் ஒயரும் போய்விடும் என்று யார் சொன்னது? முள் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால், எவ்வளவு கோபப்படுகிறோம், அங்கே அவளுக்கு எவ்வளவு போகிறது என்று எதை வைத்துப் பார்ப்பது?

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அருள்ராஜ். "இப்ப போனா அப்படியே போயிரு. உன் இடத்துக்கு நாளைக்கே ஆள் வரும், சம்ஜா? புரியுதா?"

"சரி சார்."

"என்ன சரி? திமிரா?"

"இல்ல சார்" என்று சொல்லி, அவள் சிரிக்கவும் செய்தாள்.

அதன்பிறகு நரேலாவரை போன வழியில், ஒரு மனுஷி கோபப்படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவள் தெரிந்துகொண்டாள். மெட்ரோவில் பின்னாலிருந்து ஒரு முழங்கை விலாவில் குத்தியது. பரவாயில்லை. இறங்கி மாறுகிற இடத்தில் ஒருவன் காலை மிதித்துவிட்டு, கண் தெரியாதா என்று அவளையே கேட்டான். பரவாயில்லை அண்ணா. வெளியே வந்தபோது பகல் வெளிச்சமே இல்லை. பனியும் புகையும் சேர்ந்து கம்பளிபோல் தொங்கின, தொண்டையில் எரிந்த குப்பையின் கசப்பு ஒட்டியது, எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் பழுத்த புண்கள்போல் தோன்றி மறைந்தன. பேருந்து கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போனது. முள் கொஞ்சம் எழுந்தது. அவள் அதைப் பார்த்துக் கெஞ்சினாள். வேணாம். இறங்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. இறங்கிடு.

அது இறங்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதித்து இறங்கியது. மேலே இருக்கும் ருசி கண்டதுபோல.

குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகவில்லை, ஆனாலும் இருட்டியிருந்தது. கரண்ட் போயிருந்தது. எந்த மாடியிலும் ஒரு விளக்கு இல்லை. கட்டடங்கள் வரிசையாகப் பனிக்குள் பாதியோடு முடிந்தன. கீழே வடிவேலின் வெள்ளை டாக்ஸி, பின்கதவு இப்போதே திறந்து கிடந்தது.

அவள் படியேறினாள். சுவரைத் தொட்டுத் தொட்டு. மூத்திர வாடை. ஈரச் சுண்ணாம்பு வாடை. எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. தன் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

வடிவேல் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முத்துமாரி சுவரோரம் குத்துக்காலிட்டு இருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு துணிப்பை, கட்டித் தயாராக. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் அவள் முகம் கழுவி வைத்த தட்டுபோல இருந்தது.

"வாங்க அண்ணி. உங்க வீட்டுல உங்களையே நான் வாங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு. அம்சவேணிக்கா டீ குடுத்துட்டு இப்பதான் போச்சு."

"சரி மாப்ள. டீ நல்லா இருக்கா?"

அவன் புருவத்தைத் தூக்கினான். "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா? இந்நேரத்துக்கு நீங்க போடற சத்தம் கீழ வண்டி வரைக்கும் கேக்கணுமே."

"இன்னிக்கு வேணாம் மாப்ள. அவ இங்கயே இருக்கட்டும். நாம பொறுமையா பேசுவோம்."

"என்னத்தப் பேசறது? கையும் காலும் இழுத்துக்கிச்சாமே, அக்கா சொல்லிச்சு. பாத்தீங்களா, இன்னும் சரியாகலன்னு நான் சொன்னப்ப என்னைத்தான திட்டுனீங்க?"

அவன் கூட்டிப்போவதற்குக் காரணம் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. அதையும் அவளே கொடுத்திருக்கிறாள். இளவரசி சேலைத் தலைப்புக்குள் கைபேசியைப் பிடித்திருந்தாள். திரை உள்ளங்கையைச் சுட்டது. குனிந்து பார்த்தாள். பாதி. பாதியைத் தாண்டி. சுவரோரம் முத்துமாரியின் தாடை இறுகியது.

மூச்சு. மெதுவா. ரேடியோ வால்வு. கண்ணாடியின் வளைவு.

"போன தடவை போயிட்டு வந்தப்ப எப்படி இருந்தா தெரியுமா?" வடிவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "சோறு வெச்சா தின்னா. படுன்னா படுத்தா. ஒரு சத்தம் கிடையாது. பொண்டாட்டின்னா அந்த மாதிரி இருக்கணும். கோச்சுக்காதீங்க அண்ணி, உங்களுக்கும் ஒரு ரவுண்டு வெச்சா நல்லாதான் இருக்கும். வண்டியில இடம் இருக்கு."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். எழுந்தான். துணிப்பையைத் தோளில் மாட்டினான். முத்துமாரியின் மணிக்கட்டைப் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோல் மேலே இழுத்தான்.

அவள் எழுந்து நின்றாள். ஒரு அடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். இன்னொரு கையைத் தூக்கி, தன்னைப் பிடித்திருந்த அவன் கையின்மேல் வைத்து மூடினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அக்கா."

அந்த இல்லத்திலிருந்து திரும்பியபின் அவள் பேசிய முதல் சொல். துருப்பிடித்த கீலைத் திறந்ததுபோல வந்தது.

"எல்லாம் தெரியுதுக்கா. நீ அடக்கறது. எனக்குள்ள வருது. வலிக்குது." கண் சிமிட்டாமல் அக்காவைப் பார்த்தாள். "இப்ப அடக்காத."

வடிவேல் கையை உதறினான். வரவில்லை. "என்னடி முனகற? விடு."

"அடக்காதக்கா."

இளவரசி விட்டாள்.

நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. முழங்கை. மிதித்த கால். முடியை அவிழ்த்து விட்டுக்கோ. அதற்கும் முன்னால் இருந்தது. வெள்ளை ஓட்டுத் தரை. கட்டிலில் தொங்கும் முடிச்சு. பத்து போட்டாங்க, வெந்துடுச்சு. அதற்கும் முன்னால். மஞ்சள் நிற இயந்திரக் கை. அடுப்போடு சரிந்த சுவர். எல்லாம் வந்தது. கதவு பெயர்ந்த வீட்டுக்குள் வெள்ளம்போல வந்தது.

முள் போயிற்று. கடைசிக் கோட்டில் போய் இடித்தது.

வடிவேலின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பிடித்த கை விடவில்லை, விட முடியவில்லை. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. குதிகால்கள் தரையில் அடித்தன. தோளில் மாட்டிய பை குதித்தது. அவனுக்கு எதிரே முத்துமாரி நின்றாள், அவளும் நடுங்கினாள், ஆனால் அவள் பார்வை அசையவில்லை. உதட்டில் ஏதோ ஒன்று இருந்தது. சிரிப்பு என்றுகூடச் சொல்லலாம்.

கரண்ட் இல்லாத வீட்டில், கூரையில் தொங்கிய பல்பு எரிந்தது. முதலில் சிவப்பாக. பிறகு மஞ்சளாக.

இளவரசிக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு நாளும் தோளில் சுமந்ததை இறக்கி வைத்ததுபோல நன்றாக இருந்தது. இன்னும் என்று நினைத்தாள். பல்பு வெள்ளையானது.

வடிவேலின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூக்கிலிருந்து ரத்தம். அவன் கால்கள் அடிப்பது குறைந்தது. நின்றது. ஆனாலும் விழவில்லை. பிடித்த கையால் அவளிடமிருந்தே தொங்கிக்கொண்டு நின்றான்.

"போதும்க்கா."

இளவரசி கேட்டாள். சரி என்று நினைத்தாள். நிறுத்தினாள்.

நிற்கவில்லை.

"போதும்க்கா. இனிமே வர்றதெல்லாம் எனக்குத்தான்."

கருகும் வாடை வந்தது. கம்பளியா, முடியா. முத்துமாரியின் பின்னல் தானாக அவிழ்ந்து, இழை இழையாகக் காற்றில் எழுந்து நின்றது. இளவரசி பாய்ந்து வடிவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கரண்ட் அவளை அடித்துத் தூக்கி நிலைப்படியில் எறிந்தது. கைபேசி உருண்டு போய் மல்லாக்க விழுந்தது. அதில் முள் வளைந்திருந்தது. போக இடமில்லாமல் வளைந்து, இன்னும் அழுத்தியது.

பயப்படு என்று தனக்கே சொன்னாள். பயந்துதான் இருந்தாள். காலையில் பயம் வந்ததும் கோபம் போனது. இப்போது போகவில்லை. இரண்டும் இருந்தன.

நல்லதாக ஏதாவது நினை. ஜல்தி. கேம்ப்பில் பொங்கல் காலை. சந்து முழுக்கக் கோலம், வீட்டுக்கு வீடு புகை. அந்தச் சந்து இப்போது இல்லை, தரையோடு தரையாக இழுத்துவிட்டார்கள். பல்பு பளிச்சிட்டது. வேறு. தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த சாயங்காலம், கவிழ்த்த வாளிமேல் தங்கையும் தானும் உட்கார்ந்து ஒரே குல்ஃபியை மாற்றி மாற்றிக் கடித்தது. அந்த வாளியைக்கூட எடுக்க விடவில்லை. முத்துமாரியின் முதுகு வில்லாக வளைந்தது. வேறு. முத்துமாரிக்குக் கல்யாணம், நீலப் புடவை, வெட்கம். பக்கத்தில் அவன். ஐயோ, அது வேண்டாம். வேறு, வேறு. அவள் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க முடியாமல் சிரிக்கிற சிரிப்பு. எங்கே போனது அது? யார் எடுத்தார்கள்?

பல்பு கண்ணால் பார்க்க முடியாத வெள்ளையானது. வெளியே பனியில் குடியிருப்பு முழுவதும் இருண்டு கிடக்க, அந்த ஒரு ஜன்னல் மட்டும் வெடிக்கப்போவதுபோல் எரிந்தது. சுவரில் இருவரின் நிழலும் ஒன்றாக ஒட்டி நின்றது. முத்துமாரியின் உதடுகள் போதும் என்ற சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தன, அவள் தலையிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டே இருந்தது. இளவரசி நிலைப்படியில் கிடந்தபடி, கெடாமல் மிஞ்சிய ஒரு நினைவைத் தேடிக்கொண்டிருந்தாள்.